வேலை செய்யாத மணி

ரதோவானின் மச்சான் இரவல் கொடுத்த இரட்டைச் சைக்கிள்.
பச்சைப் பெயின்ட். இரண்டு மணி, முன்னால் இருப்பதுதான் அடிக்கும்.
"யார் முன்னால்?" என்று கேட்டுவிட்டு
க்வேதா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
ஹினெக் பின் இருக்கையைத் தடவிப் பார்த்து
ஏறி உட்கார்ந்தான்.

பதினோரு இலையுதிர் காலம் எங்களை முந்திப் போனவன்.
அவன் முதுகு வியர்வையைப் பார்த்தே
இந்த மேடுகளை நான் மனப்பாடம் செய்தேன்.
இந்த அக்டோபரில் அவனுக்கு ஓரங்கள் மட்டும் மிச்சம்.
நடுவில்
யாரோ கட்டைவிரல் வைத்து அழுத்திய இடம் என்பான்.
"இப்போது அங்கே இருப்பது உன் முதுகு.
பெரிய நஷ்டமில்லை."

வால்திட்சே தாண்டியதும்
கொடிகள் மஞ்சளித்து நிற்கின்றன என்று ஆரம்பித்தேன்.
எந்த மஞ்சள்?
கடுகு.
அரைத்ததா, பூவா?
நம் ஊர்த் தபால்பெட்டியின் ஆரஞ்சுக்கு
ஒரு வாரம் முந்தைய நிறம் என்றேன்.
அதற்கு மதிப்பெண் கொடுப்பவன் போல
இரண்டு மிதி கூடுதலாக மிதித்தான்.

சூறைக்குருவிகளை விரட்ட வைத்த பீரங்கி
டமாரென்று வெடித்தது. ஹேண்டில் என் கையில் உதறியது.
அவன் அசையவில்லை.
"நாற்பது நொடிக்கு ஒன்று.
எண்ணிக்கொண்டுதான் வருகிறேன். நீதான் பேசிக்கொண்டே இருக்கிறாய்."

நீலக் கதவு போட்ட நிலவறை வாசலில்
சாக்கட்டியால் எழுதிய பலகை: இன்று புர்ச்சாக்.
சாறும் இல்லை, மதுவும் இல்லை,
இன்னும் முடிவெடுக்காத கலங்கல்.
உடம்பில் எத்தனை லிட்டர் ரத்தமோ
அத்தனை லிட்டர் குடிக்க வேண்டுமாம் ஒரு பருவத்துக்கு.
ரதோவான் தன் ரத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே சொன்னான்.
பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டியவள் எச்சரித்தாள்:
மூடியை இறுக்காதே, உள்ளே கொதிக்கிறது.
சரி என்றேன்.
இறுக்கினேன்.
எனக்குக் கை அப்படி.
பாட்டில் ஹினெக்கின் முதுகுப் பையில் ஏறியது.

மிகுலோவ் இறக்கம்.
கீழே கோட்டை, செங்கல் கூரைகள், சரளைக் கல்,
நான் இரண்டு கையாலும் பிரேக்.
"ரப்பர் கருகுகிறது. விடேன்."
எவ்வளவு செங்குத்து என்று உனக்குத் தெரியவில்லை என்றேன்.
சொன்ன பிறகு
சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது, வெகு தூரத்துக்கு.
"தெரியவில்லைதான்" என்றான்.
"அதனால்தான் கேட்கிறேன்."

இரண்டு விரலை எடுத்தேன்.
பிறகு இன்னும் இரண்டு.
காற்று சட்டைக்குள் புகுந்து பொத்தானைத் தேடியது.
க்வேதாவை முந்தினோம், ரதோவானை முந்தினோம்,
அவன் ஊளையிட்டான், நானும்.
டமார்!
"இன்னும் நாற்பது ஆகவில்லையே" என்றான் ஹினெக்.
அவன் காதிலிருந்து புர்ச்சாக் சொட்டியது.

பள்ளத்தில் நால்வரும் விழுந்து கிடந்து சிரித்தோம்.
எனக்கு நடுவில் அழுகை வந்தது; சிரிப்போடு அடித்துச் சென்றுவிட்டேன்.
அதற்குள் குளவிகளுக்குச் சேதி போய்விட்டது.

ரயிலில் அந்த நீளம் ஏறாது என்றார் நடத்துநர்.
குளவிகளைக் காட்டி, இவர்களுக்கும் டிக்கெட் இல்லை.
மற்ற இருவரும் ஏறிக்கொண்டார்கள்.
க்வேதா ஜன்னலில் கையை ஒட்டி வைத்திருந்தாள்.

ப்ரெட்ஸ்லாவுக்கு இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்.
டைனமோ விளக்கு நாங்கள் மிதிக்கிற அளவுக்குத்தான் எரியும்.
நிறம் கேட்க அவனுக்கும், சொல்ல எனக்கும்
ஒன்றும் இல்லை.
திராட்சைச் சக்கையின் புளித்த வாடை வந்து வந்து போயிற்று.

"இடப்பக்கம் மான்."
நான் பார்த்தேன். இருட்டு.
"மூன்று. ஓரத்தில்தான் நிற்கின்றன, எனக்கு வசதியாக."
பிரேக் பிடித்துக் காலூன்றினேன்.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
விளக்கு அணைந்தது.
பிறகு தாரில் குளம்புகள்,
ஒன்று, இரண்டு,
கொஞ்சம் யோசித்துவிட்டு, மூன்றாவது.

மறுபடி மிதித்தோம்.
அவை திரும்பி வராமலிருக்க
பின்னாலிருந்து அந்தச் செத்த மணியை
வீடு வரைக்கும் அழுத்திக்கொண்டே வந்தான்.
டிக்.
டிக்.