முப்பத்தேழு

புறக்கோட்டை, முதலாம் குறுக்குத்தெரு,
கமர்தீன் அன் சன்ஸ், மேல்மாடி.
வருடக் கணக்கெடுப்பு.
எலி மருந்துக்கும் றேடியோ வால்வுகளுக்கும் நடுவே
கறுத்த ஸ்பொஞ்சில் ஊன்றி நிற்கின்றன,
ஒவ்வொன்றுக்கும் அறுபத்துநாலு கால்.
பூரான் இதைவிடக் குறைவாக வைத்துக்கொண்டே நடக்கிறது.
இவை நடக்கவில்லை.

எழுபத்தொன்பதில் சிங்கப்பூரிலிருந்து நாற்பது வந்தன.
ஊரெல்லாம் எட்டு பிட்டில் விரல்விட்டு எண்ணிய நாளில்
இது பதினாறு.
முதலாளி பெட்டியைத் திறந்து சாம்பிராணி காட்டினார்.

கைநூலை நான்தான் படித்தேன்,
சோற்றுப் பார்சலுக்கும் துறைமுகச் சங்குக்கும் இடையில்.
விசித்திரப் பிறவி.
தன் பதிவேடுகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது,
எல்லாம் வெளியே, நினைவகத்தில்.
வேலை மாறவேண்டுமா?
ஒரேயொரு முகவரியை மாற்றினால் போதும்,
மூட்டை கட்டாமலே அறை மாறிவிடும்.
வெள்ளவத்தையில் வருடத்துக்கு மூன்று அறை மாறிய எனக்கு
அது பிடித்துப்போயிற்று.

ஆனால் ஒன்றையும் ஒன்றையும் கூட்டக்கூட
வாசல் தாண்டிப் போய்வர வேண்டும்,
அந்த நடைக்கே பொழுது சரி.
மாப்பிள்ளை வீட்டார் மாதிரி
மூன்று விதமான மின்னழுத்தம் கேட்கும்.
துணைச் சிப்புகள் அடுத்த கப்பலில் என்றார்கள்.
கப்பல் வந்தது. வெங்காயம் இருந்தது.

இரத்மலானையிலிருந்து வந்தார் விஜேநாயக்க,
மா ஆலைக்கு ஒரு மூளை தேடி.
நின்றபடியே கைநூலைப் படித்தார்,
தேத்தண்ணி ஆறிப்போனது.
நல்ல சாமான், என்றார்.
பிறகு மெதுவாக:
"பக்கத்துக் கடையிலயும் இருக்குதா?"

"எங்களிட்ட மட்டும்தான் ஐயா!"
முதலாளியின் நெஞ்சு நிமிர்ந்தது.
அந்த நிமிர்வில்தான் வியாபாரம் முறிந்தது.
"நாளைக்கு நீங்க கடையைப் பூட்டினா
என்ட மில் யாரிட்டப் போகும்?"
எட்டு பிட்டில் ஒரு டசின் வாங்கினார்,
பக்கத்துக் கடையில்.
அதற்கடுத்த கடையிலும் அது இருந்தது.

விற்றது இரண்டு. பேரேட்டில் மீதி முப்பத்தெட்டு.
மூன்று தரம் எண்ணிவிட்டேன்,
முப்பத்தேழு.
ஸ்பொஞ்சில் ஒரு இடத்தில்
இரண்டு வரிசைத் துளைகள், வெறுமையாக.
எடுத்த ஆளுக்கு எதை எடுக்கிறோமென்று தெரிந்திருக்கிறது,
பக்கத்துத் தட்டில் கைக்கடிகாரங்கள் அப்படியே கிடக்கின்றன.

வித்தியாசம் என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் பென்சிலை வைத்துக்கொண்டிருந்துவிட்டு,
எலி.