ஜன்னல் இல்லாத அறை

ஜன்னல் இல்லாததுதான் மலிவு என்றாள்
திருப்பாதிரிப்புலியூர் டிராவல்ஸ் பெண்.
இரண்டு இரவு. சென்னையில் ஏறி
சென்னையிலேயே இறக்கம்.
சாப்பாடு சேர்த்தி, காபிக்குத் தனிக்காசு.
துறைமுக வரியைப் பால் அட்டையின் பின்னால்
பென்சிலில் கூட்டிப் பார்த்தேன்.
ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், புயல்.
பொங்கலுக்கு விலை ஏறும்.
மாசியில் சீட்டு விழுந்தால் சரி.

சோனாங்குப்பத்து மச்சான்
வலையை உதறியபடி சிரித்தார்:
"காசு குடுத்தா கடலுக்குப் போவாங்க?
என் போட்டுல வா, டீசல்ல பாதி போடு."

வாந்தி மாத்திரை ஒரு அட்டை
இப்போதே வாங்கிவிட்டேன்.

இளநிலா கேட்கிறாள்,
ஜன்னல் இல்லன்னா
வெளிய கடல் இருக்குன்னு எப்படித் தெரியும்?

தம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி
கட்டிலோரம் வைப்போம்.
சாய்ந்தால் கடல்.