நாற்பது லிட்டர்

அஷ்டமியில் எதையும் தொடங்கக் கூடாது.
ஆனால் கழிக்கு அஷ்டமிதான் நல்ல நாள்.
நீர் அதிகம் ஏறாது, அதிகம் இறங்காது.
சண்டை ஓய்ந்த வீட்டில் பேச்சு போல
அளவாக வரும், போகும்.

ஆறரைக்கு ஐரோலித் துறையில் கயிற்றை அவிழ்த்தேன்.
இருவர் ஓட்டும் படகு இது.
தனியாகப் போனால் கவிழும் என்றுதான்
நமக்கு விற்ற பார்சிக்காரர் அன்றே சொன்னார்.
அதனால் முன்பக்கம், உன் இடத்தில்,
இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு.
நீ அதைவிடக் கனம்.
பரவாயில்லை, கேன்கள்
நான் பாய் கட்டும் விதம் பற்றி
அபிப்பிராயம் சொல்வதில்லை.

படகின் பெயர் ஃப்ரெனி.
அவர் மனைவியா மகளா,
நாம் கேட்கவேயில்லை.

ஆலைகளுக்குப் பின்னாலிருந்து கொண்டல்,
ஒரு கொட்டாவி அளவு.
அழுகிய முட்டை, டீசல், அலையாத்திச் சேறு.
முப்பது வருஷம் செம்பூரில் இருந்துவிட்டு
இதற்கு முகம் சுளிக்க எனக்கு உரிமையில்லை.
தூரத்தில் வெளிர்சிவப்பாய் ஒரு கரை நகர்ந்தது.
கிட்டப் போனால் பூநாரைகள்,
தலையைக் கவிழ்த்துத் தின்கின்றன,
யார் பார்த்தால் என்ன என்று.

வாஷிப் பாலத்தடியில் காற்று செத்தது.
மேலே பன்வேல் லோக்கல்.
வாசல் கம்பியோரம் யாரோ கண்ணை மூடிக் கும்பிட்டு
வீசிய பை
நேராக என் மடியில் விழுந்தது.
வாடிய சாமந்தி, எரிந்து தீர்ந்த ஊதுவத்திக் குச்சிகள்,
முழுத் தேங்காய் ஒன்று.
கடலுக்கு நேர்ந்தது. நடுவில் நான்.
திருப்பி நீரில் விட்டிருக்கலாம்.

மண்டாலாப் பக்கம் திருப்பும்போது
சுக்கான் மெத்தென்று எதிலோ இடித்தது,
தூங்குகிறவர் விலாவில் கை பட்டது போல.
அதன்பின் நகரவில்லை.
பத்தே முக்கால்.
ஒரு காலை விட்டுப் பார்த்தேன்.
முழங்கால்வரை கேட்டது சேறு.
கொடுத்து, மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
நீர் விலகிக்கொண்டே இருந்தது.
கண் துருத்திய சேற்றுமீன்கள்
நடந்து வந்து படகைப் பார்த்தன,
நடந்தே போயின.

வாய்க்காலில் வலையோடு போன கோலிக்காரர்
எஞ்சினை நிறுத்திக் கத்தினார்:
"பர்த்தி யேயீல்! தாம்ப்!"
ஏற்றம் வரும், நில்.

பர்த்தி.
அதே சொல்லைத்தான் சயான் ஆஸ்பத்திரி கவுண்டரில்
இந்தியில் சொன்னார்கள்,
உன் பெயரை எழுதிக்கொண்டு.
அங்கே எனக்கு யாரும் நேரம் சொல்லவில்லை.
இங்கே அட்டவணை இருக்கிறது.
இரண்டரை.

தேங்காயை நங்கூரத்தில் அடித்து உடைத்தேன்.
இளநீர் பாதி முழங்கையில் வழிந்தது.
பருப்பு நன்றாக முற்றியிருந்தது.
யாருடைய வேண்டுதலோ, பசித்தது,
மூடி முழுவதும் தின்றேன்.

இரண்டேகாலுக்கு முதலில் மிதந்தது
ஓர் ஒற்றைச் செருப்பு.
பிறகு ஃப்ரெனி.
பாலம் தாண்டியதும் மேற்கிலிருந்து கோடை,
கேட்டதைவிட அதிகமாகவே.
பாய் விம்மியது, படகு சாய்ந்தது,
கேன் ஒன்று சாய்ந்த பக்கமே உருண்டது.
அங்கே போகாதே, இந்தப் பக்கம் வா, வா
என்று கத்தினேன்
பாலத்துக்கே கேட்கும்படி.
கேன் வரவில்லை.
நான்தான் இன்னும் கொஞ்சம் வெளியே சாய்ந்தேன்,
முதுகு நீரைத் தொடும்வரை.

ஐரோலியில் இறங்கி
ஒரு கேனைத் திறந்து காலைக் கழுவினேன்.
உலர்ந்த சேறு லேசில் போகவில்லை,
இருபது லிட்டரும் ஆயிற்று.
மற்றதைத் தொடவில்லை.
முன்பக்கம், அதன் இடத்தில் நிறுத்தி,
கயிற்றால் ஒரு சுற்று கட்டிவிட்டு வந்தேன்.