பதினேழாம் வரிசை

லிங்கிச் செட்டித் தெரு, மூன்றாம் மாடி.
லிஃப்ட்டில் 'இருவர் மட்டும்' என்று எழுதியிருக்கும்,
அதில் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.
மேலே ஆறு பேருக்கும் இப்போது ஒரே தாள்.

தாள் என்றால் கையில் வராது.
திறந்தால் கட்டம் கட்டமாய் விரியும்:
கப்பல், கண்டெய்னர், சீல், ஃபார்ம் பதிமூணு.
உள்ளே நுழைந்ததும் ஆளுக்கொரு நிறம்.
எனக்குப் பச்சை. யாரும் கேட்டுக் கொடுக்கவில்லை.
கத்திரிப்பூ வந்ததில் ஜபருல்லா பாய்க்கு
ஒரு வாரம் வருத்தம்.

பயிற்சி கொடுக்க வந்த பையன்
வெளிப்படைத்தன்மை என்று மூன்று முறை சொன்னான்.
பிறகு பாத்ரூம் எங்கே என்றான்.
சாவி பக்கத்து ஆபீசில்.

முதல் மாதம் ஷேர் ஆட்டோ மாதிரிதான்.
"எம்மா, பன்னெண்டாவது கட்டத்துல குந்தினு கீறியே,
கொஞ்சம் நகரு, நான் ஏறணும்"
என்று நாகபூஷணம் மேஜை தாண்டிக் கத்துவார்.
ரெண்டு பேர் ஒரே கட்டத்தில் தட்டினால்
வெடித்துவிடும் என்று நம்பினோம்.
வெடிக்கவில்லை.
கடைசியாகத் தட்டியவர் சொன்னது நிற்கிறது,
வீட்டில் மாதிரியேதான்.

மகள் தூங்கியபின் ராத்திரி பன்னிரண்டுக்குத் திறந்தால்
கத்திரிப்பூ விழித்திருக்கும்.
ஒன்றும் எழுதாது.
ஒரே கட்டத்தில் மினுங்கிக்கொண்டிருக்கும்.
பாயின் மனைவிக்கு ஸ்டான்லியில் டயாலிசிஸ்.
நான் கேட்டதில்லை.
அடுத்த கட்டத்தில் போய்க் கொஞ்ச நேரம்
பச்சையாய் இருந்துவிட்டு வெளியேறுவேன்.

பாயும் நாகபூஷணமும் பேசி நாலு வருஷம்.
சீட்டுப் பணம், இருபதாயிரம்.
டீ வந்தால் சர்க்கரை கேட்பதுகூட என் வழியாக.
ஆனால் ஓரக்குறிப்பில் எழுதுவது
பேச்சுக் கணக்கில் வராதாம்.
"@ஜபருல்லா சீல் நம்பர்?"
"@நாகபூஷணம் போட்டாச்சு. கண்ணைத் திறந்து பார்க்கவும்."
"பார்த்தேன். நன்றி."
நன்றியை நான் இரண்டு தடவை படித்தேன்.

செவ்வாய்க்கிழமை
பதினேழாம் வரிசையை ஜீரோ கேட்டில் ஓரங்கட்டிவிட்டார்கள்.
கண்டெய்னர் நம்பரில் ஆறு ஒன்பதாகியிருந்தது.
கட்-ஆஃப் நாலு மணி.
டிரெய்லர்கள் டோல்கேட் தாண்டி நிற்கின்றன.
சம்பந்தம் சார் அறையிலிருந்து வந்த வசவில்
ஆறு பேருக்கும் பங்கு,
என் அப்பாவுக்குத் தனியாகக் கொஞ்சம்.

முன்பெல்லாம் இதோடு போய்விடும்.
யாரோ, எப்போதோ என்று
தப்பு ஃபேனுக்கடியில் சுற்றி அடங்கிவிடும்.
இப்போது தாளுக்கு ஞாபகசக்தி.
நாகபூஷணம் பழைய பதிப்புகளைத் திறந்தார்.
திங்கள் இரவு 11.42.
ஆறை ஒன்பதாக்கிய நிறம் சிவப்பு.
சிவப்பு, முதலாளிக்கு.

ஐந்து திரையிலும்,
கேட்டில் நனைந்துகொண்டிருந்த டில்லிபாபுவின் போனிலும்
அதே இடம் விரிந்திருந்தது.
யாரும் வாய் திறக்கவில்லை.
ஆறு நிறமும் அந்தக் கட்டத்தைச் சுற்றி
சாவு வீட்டு வாடகை நாற்காலிகளாய் உட்கார்ந்திருந்தன.
ஏழாவதாய்ச் சிவப்பு வந்தது. நின்றது.
ஒன்பது போய் ஆறு வந்தது.
ஓரத்தில் ஒரு குறிப்பு: "சரிசெய்யப்பட்டது."
யாரால் என்பது அந்த வினைக்குத் தெரியாது.

பாய் திரைக்கு மேலே தலையைத் தூக்கினார்.
எதிரே நாகபூஷணமும் தூக்கியிருந்தார்.
சிரிப்பை முதலில் விட்டது யார் என்று
எந்தப் பதிப்பிலும் இல்லை.

3.51க்கு மழைக்குள்ளிருந்து டில்லிபாபு
"உள்ள பூட்ச்சி, சீல் ஓகே" என்று
போனிடம் வாயால் சொல்லியிருக்கிறான்.
போனுக்குக் காசிமேட்டுத் தமிழ் வராது.
பதினேழாம் வரிசை, கடைசிக் கட்டத்தில்
விழுந்திருந்தது:
"உள்ளே பூச்சி. சேலை ஓகே."

திருத்த ஆறு பேருக்கும் அனுமதி உண்டு.
மூன்று மாதமாக
அப்படியே இருக்கிறது.