பார்வை போனவர்களுக்கான சனிக்கிழமை

டண்டி நகரம், காலை ஏழு மணி. தேயிரைச்சலாய் டிராம் வருகிறது.
ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு தகர உண்டியல்,
நூறு காகிதக் கொடி, நூறு குண்டூசி.
போன சனிக்கிழமை செர்பியாவுக்கு.
அதற்கு முந்தையது காயம்பட்ட குதிரைகளுக்கு.
இன்று பார்வை போனவர்களுக்கு.

கூவி விற்கிற வேலை என்று நினைக்கிறார்கள்.
இல்லை.
முன்பின் தெரியாதவன் நெஞ்சருகே போய்
கோட்டு மடிப்பைப் பிடித்து
சதையில் படாமல் ஊசி ஏற்ற வேண்டும்.
அந்த ஒரு கணம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.
புகையிலை, பாச்சை உருண்டை, ஈரக் கம்பளி,
ஒருவனிடம் அந்நேரத்துக்கே விஸ்கி.
இரண்டு வருடத்தில் இந்த ஊரின் நெஞ்சுகளை
டாக்டர்களைவிட நான் கிட்டத்தில் பார்த்துவிட்டேன்.

சணல் ஆலை முதலாளி கிளெக்ஹார்ன்
ஒரு ஷில்லிங்குக்குப் பத்துக் கொடி எடுத்து
ஒன்றை நாயின் கழுத்துப்பட்டையில் குத்தச் சொன்னார்.
குத்தினேன்.
அவர் ஆலையில்தான் மணல்மூட்டைச் சாக்கு தைக்கிறேன்.
ஆயிரம் சாக்குக்கு என்ன கூலி என்பதை
உண்டியலும் கையுமாக நின்று கேட்க முடியாது.

போன வாரக் கொடியைக் கழற்றாமலே வந்து
"கொடுத்தாயிற்று" என்று நழுவுகிறவர்கள் உண்டு.
அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.
சனிக்கிழமைகள் அதிகம், பென்னிகள் கம்மி.

இந்த முறை லாக்லனும் கூட வந்தான்.
கண்களைப் பிரான்ஸில் விட்டுவந்த என் வீட்டுக்காரன்.
கமிட்டி அம்மாள் பட்டுல்லோ அவனை மேலும் கீழும் பார்த்து,
"பக்கத்திலேயே நிறுத்திக்கொள் வில்லமினா,
வசூல் நன்றாக இருக்கும்" என்றாள்.
காது போகவில்லை அவனுக்கு.

நின்றான். உண்டியலையும் அவனே வாங்கிக்கொண்டான்.
ஜனங்கள் அவன் பூட்ஸைப் பார்த்தபடி காசு போட்டார்கள்.
எனக்கு மட்டும் கேட்கிற குரலில் அவன் எண்ணிக்கொண்டு வந்தான்:
"பென்னி. பென்னி. அரைப் பென்னி.
அட, ஆறு பென்ஸ்!"
பிறகு சப்பென்று ஒரு சத்தம்.
"இது பொத்தான்."

நிமிர்ந்தேன்.
ரோமக் காலர் வைத்த ஒருவன்
எங்கள் கொடியோடு டிராமில் ஏறிக்கொண்டிருந்தான்.
"கூப்பிடட்டுமா?"
"விடு. எங்கே அறுத்தானோ
அங்கே குளிர் போகும்."

இரவு டவுன்ஹாலில் கொட்டி எண்ணினோம்.
எங்கள் உண்டியலில் மூன்று பவுன், பதினோரு ஷில்லிங், நாலு பென்ஸ்.
பேரேட்டில் பொத்தானுக்குக் கட்டம் இல்லை.
பட்டுல்லோ அம்மாள் அதை விரல்நுனியால் ஒதுக்கினாள்,
நான் பையில் போட்டுக்கொண்டேன்.

லாக்லன் கோட்டில் மூன்றாவது பொத்தான் போய் மாதக்கணக்காகிறது.
இது காஜாவைவிடப் பெரியது, நிறமும் வேறு.
ஆனாலும் தைக்க உட்கார்ந்தேன்.
கோட்டை அவன் கழற்றவில்லை.
ஊசி நெஞ்சருகே போய்வரும்போதும் பேச்சை நிறுத்தவில்லை.
அந்த ஆறு பென்ஸ்
ஆணா பெண்ணா, என்ன வயசு,
முகம் எப்படி இருந்தது என்று
அவனுக்குத் தெரிய வேண்டுமாம்.

நூலைப் பல்லால் அறுத்தேன்.
"பார்க்கவில்லை" என்றேன்.