வலது கெண்டைக்கால்

பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விழுந்தால்
தொண்ணூறிலிருந்து இறங்கும் இலக்கம்.
எண்பத்தேழில்
முழங்காலுக்குக் கீழே யாரோ
இஸ்திரிப் பெட்டியைக் கிட்டக் கொண்டுவருகிறார்.
எழுபதில் தொடை.
அறுபதில் நான் காலை அகட்டி
தவளை மாதிரி நிற்கிறேன்.
பக்கத்து முச்சக்கரவண்டிக்காரர் சிரிக்கிறார்.
முதுகில் பெட்டி, பெட்டிக்குள்
சூடு ஆறாமல் போய்ச் சேரவேண்டிய
யாருடையதோ கொத்துரொட்டி.

நீர்கொழும்புக்காரர் வண்டியை விற்கும்போது
சூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
சித்திரை வெயிலில் எதற்குத்
தடித்த டெனிம் போட்டிருக்கிறார் என்று
நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

மழைக்குக் காற்சட்டையை மடித்துவிட்ட ஒருநாள்
மருதானையில் அவசரத்தில்
வலப்பக்கமாக இறங்கினேன்.
ஒரு முத்திரை அளவு தோல்
அங்கேயே தங்கிவிட்டது.
சைலன்சர் என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.
நான் கத்தக்கூட இல்லை.

யசோ பற்பசையோடு ஓடிவந்தாள்.
தாதி அதைத் துடைத்தெடுத்துக்கொண்டே ஏசினார்:
பச்சைத்தண்ணி, ஓடுற தண்ணி, இருபது நிமிசம்.
கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடிக்குத்
தண்ணீர் வருவதே பத்து நிமிடம்.

பஞ்சிகாவத்தையில் ரிஃப்கான் குந்தியிருந்து
எஞ்சின் செட்டைகளுக்கு இடையில்
ஸ்க்ரூட்ரைவரை விட்டு
ஒரு வருடச் சேற்றைத் தோண்டினான்.
"இது மூச்சு விடுற இடம் அண்ணே.
நீங்க மூக்கப் பொத்தி வச்சிருக்கீங்க."
ஒயிலைக் கவிழ்த்தான்,
தார் மாதிரி இறங்கியது.
காபரேட்டரில் ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்பினான்.
பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்குமாம்,
ஆனால் இவ்வளவு கொதிக்காதாம்.
"பசியோட ஓடினா எதுவும் சுடும்."
தத்துவமாக ஒன்றும் சொல்லவில்லை.
மணி இரண்டரை, அவனும் சாப்பிடவில்லை.

கவசத் தகட்டுக்கு ஆறாயிரம்.
அது அரிசிக் காசு.
வீட்டில் ஒரு பிஸ்கட் தகரம் கிடந்தது,
மூடியில் பூக்கூடையோடு ஒரு வெள்ளைக்காரி.
வெட்டி, துளையிட்டு, சுரை வைத்து
ஒரு விரல் இடைவெளி விட்டுப் பூட்டினேன்.
காப்பது தகரமில்லை,
அந்த இடைவெளியில் ஓடும் காற்று.
வெள்ளைக்காரி வெளிப்பக்கம் பார்த்தபடி
ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கறுத்து வருகிறாள்.

புண் காயாத நாட்களில்
ஒரு காலை மட்டும் மடித்துவிட்டுத்தான் திரிந்தேன்.
கொள்ளுப்பிட்டியில் பதினான்காம் மாடி.
கதவைத் திறந்த அம்மா
சாப்பாட்டை வாங்காமல் என் காலைப் பார்த்தார்.
சைலன்சரா என்று சிங்களத்தில் கேட்டார்.
தலையாட்டினேன்.
வீட்டுச் சட்டையை ஒரு சாண் தூக்கிக் காட்டினார்,
வலது கெண்டைக்கால்,
வெளிறி, வழுவழுத்து, அதே நீள்வட்டம்.
கம்பஸ் காலத்தது என்றார்.
யாருடைய வண்டி என்று சொல்லவில்லை.
உள்ளே யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்கள்.
மிச்சக் காசு வேண்டாம் என்று
கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது சிவப்பு விழுந்ததும் அணைத்துவிடுகிறேன்.
நின்றால் இதற்குக் காற்றில்லை,
ஓடினால்தான் ஆறும்.
அணைத்தால் எஞ்சின் டிக் டிக் என்று சுருங்குவது கேட்கும்.
கடற்கரைப் பக்கம் ரயில் போவதும்
அதற்குப் பின்னால் கடலும்
ஒரு நாற்பது விநாடிக்குக் கேட்கும்.

நேற்று எனக்கு முன்னால் ஒரு சோடி.
பின்னால் இருந்த பிள்ளையின் வெறுங்கால்
குழாய்க்கு இரண்டு விரற்கடை தூரத்தில்
ஆடிக்கொண்டிருந்தது.
பதினெட்டு. பதினேழு.
"தங்கச்சி, கால்!"
அவள் திரும்பி முறைத்தாள்.
பாவாடையை இழுத்துவிட்டு
காலைச் சடக்கென்று உள்ளே எடுத்தாள்.
அவன் காதில் என்னவோ சொன்னாள்,
அவனும் முறைத்தான்,
ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, நன்றாகவே.

பச்சை.
ஸ்டார்ட்டரை உதைத்தேன்.
தூரத்தில் அந்தக் கால்
மிதிகட்டையில்தான் இருந்தது.