ஏழாம் கேள்வி

டண்டீயில் மழை பக்கவாட்டில் பெய்கிறது.
மானிய விண்ணப்பத்தின் ஏழாம் கேள்வியில்
நின்றுவிட்டாள் இஷ்பெல்:
‘சென்ற ஆண்டு எத்தனை சாவுகளைத் தடுத்தீர்கள்?
எண்ணில் எழுதவும்.’

நடக்காததை எந்த விரல் விட்டு எண்ணுவது?
பதினான்கு பள்ளிகள்,
இருநூறு நலோக்ஸோன் பெட்டிகள்,
கடைசி வரிசையில் சிரித்த பையன்கள்.
அதெல்லாம் ஆறாம் கேள்வியிலேயே தீர்ந்துபோயிற்று.

அறக்கட்டளைக்கு மகனின் பெயர்.
வாடகை ரசீதில், மின்கட்டண பாக்கியில்,
தபால்காரரின் வாயில்
அன்றாடம் புழங்குகிறது.
“ருவாரி இருக்கிறாரா?” என்று
தொலைபேசியில் கேட்பவர்களிடம்
“நான்தான் பேசுகிறேன்” என்பாள்.

ஐந்தாகப் பத்து நிமிடம்.
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒருத்தி;
சூப்பர் மார்க்கெட் சீருடை, சளசளக்கும் காலணி.
நசுங்கிய பெட்டியொன்றை மேசையில் வைக்கிறாள்,
உள்ளே மூக்கில் அடிக்கும் மருந்து இல்லை.
“இன்னொன்று வேணும்.”

யாருக்கு என்று கேட்கக் கூடாது.
இஷ்பெல் எழுதிய விதிதான், சுவரில் ஒட்டியிருக்கிறது.
புதியதை எடுத்து நீட்டிய கை
பிடியை விடவில்லை.

“சிப்ஸ் தின்னுகிட்டிருக்கான்” என்றாள் அவளாகவே.
“போதையைக் கெடுத்துட்டேனாம்.
காலையிலிருந்து என்னைத் திட்டுறான்.”

விளக்கணைக்கும் முன்
ஏழாம் கட்டத்தில், எழுத்தால்:
ஒருவன்.
திட்டுகிறானாம்.